திண்ணையில் மூன்று ஜோடி ஷூ: ஓர் ஓட்டக்காரரின் கால் குறித்த நிகழ்வு ஆய்வு

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சாயங்கால நேரம், உரச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தம்பி வந்தான். சாக்கைத் திண்ணையில் கவிழ்த்தான். மூன்று ஜோடி ஷூ விழுந்தன. கூடவே கால்வாய்க் கரை மண்ணும் இரண்டு உடைமுள்ளும்.

"ஒரு வருசத்துல இத்தன சார். நான் ஓடுதேனா, ஷூவுக்காகச் சம்பாதிக்கேனான்னே தெரியல."

நான் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் பாளையங்கோட்டை மைதானத்துக்கு வரும் போலீஸ், ராணுவத் தேர்வுப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுப்பது ஓய்வுக்குப் பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம். ஷூ விஷயத்தில் என்னிடம் யோசனை கேட்கிறவர்கள் பெரும்பாலும் கடை வாசலில் நின்றபடி போன் போட்டு "சார், எந்த கம்பெனி நல்லது?" என்பார்கள். பழைய ஷூவை மூட்டை கட்டிக்கொண்டு வந்தவன் இவன் ஒருவன்தான். அதனால்தான் இதை விரிவாக எழுத முடிகிறது. செத்த ஷூ நிறையப் பேசும்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். வயது 23. எடை 64 கிலோ. ஊர் சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம். மதியத்துக்கு மேல் ராத்திரி பத்து மணி வரை ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே. போன முறை இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். உடல்தகுதித் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். இவன் முடித்தது 7 நிமிடம் 11 நொடி. அந்தப் பதினொரு நொடிக்காகத்தான் ஒரு வருடமாக வெறி பிடித்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தான்.

குறைகள் மூன்று. வலது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்க ஓரமாக வலி. ஓட ஆரம்பித்தால் குத்தும், கால் சூடானதும் அடங்கும், மறுநாள் காலையில் படியிறங்கும்போது திரும்பக் காட்டும். இரண்டு கால் பெருவிரல் நகமும் கறுத்துப்போய், இடது நகம் பாதி பெயர்ந்திருந்தது. இரண்டு சுண்டுவிரலிலும் ஆணி.

எலும்பு வலி என்று யார் வந்தாலும் நான் முதலில் செய்யச் சொல்வது, வலிக்கிற இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டுவது. ஒற்றைப் புள்ளியில் விரல் வைத்து, அங்கே அமுக்கினால் உயிர் போகிறது என்றால், ஷூப் பேச்சையே எடுக்காமல் டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். இவன் விரலை வைத்து மேலிருந்து கீழாக ஒரு சாண் அளவுக்கு இழுத்தான். பரவிய வலி. ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னேன், குதித்தான். இருந்தாலும் மறுநாளே எனக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டி, விரிசலுக்கான அடையாளம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஷூவைக் கையில் எடுத்தேன்.

முதல் சவம்

முதல் ஜோடி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து நடைபாதையில் 650 ரூபாய்க்கு வாங்கியது. பெட்டி கிடையாது. ஒரு பெரிய கம்பெனியின் அடையாளத்தைக் கொஞ்சம் கோணலாகப் போட்டிருந்தார்கள். முன்பக்கம் வாய் பிளந்து கிடந்தது. சோலைச் சுற்றி நைலான் நூலால் தையல், தையலுக்கு மேலே உடனடிப் பசை காய்ந்து கண்ணாடி மாதிரி இறுகிய திட்டுகள்.

"எப்படிக் கழுவுன?"

"வாளியில சோப்புத்தூள் போட்டு ஊறவச்சு, மொட்டை மாடியில காயப் போடுவேன் சார். மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும்."

சித்திரை, வைகாசியில் நம் ஊர் மொட்டை மாடித் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்தத் தளத்தில் ஷூவைக் குப்புறப் போட்டிருக்கிறான். மேல்துணியையும் சோலையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒட்டுப்பசைதான். சூட்டில் அது இளகும். நடுவில் இருக்கும் நுரை பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்கிற ரகம், அது சூட்டில் சுருங்கும். துணி சுருங்காமல் சோல் மட்டும் சுருங்கினால் ஒட்டு விடத்தானே செய்யும். இதை எனக்கு முன்பே பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். "ஒட்டு மட்டும் விடல தம்பி, சோலே சிறுத்துப்போச்சு, நூலு எத்தன நாளைக்குப் பிடிக்கும்?" என்று சொல்லிவிட்டுத்தான் தைத்துக் கொடுத்திருக்கிறார். தைத்த நூல் சோலுக்கு அடியில் தார் ரோட்டில் உரசி உரசி ஒரு மாதத்தில் அறுந்திருக்கிறது.

ஷூவை ஊறவைக்கவே கூடாது. ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் கிடக்கும் இன்சோலையும் லேஸையும் தனியே எடுத்துக் கழுவி, மற்றதைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நிழலில் காற்றாட வைத்தால் போதும். ஐப்பசி அடைமழையில் நனைந்து வந்தாலும் இதே வைத்தியம்தான், பேப்பரை மட்டும் இரண்டு தடவை மாற்ற வேண்டும்.

இரண்டாவது, அதிகம் பேசியது

நான் அதிக நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தது இந்த ஜோடியைத்தான். நல்ல கம்பெனி. தள்ளுபடி விற்பனையில் 4,200 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கியது, சைஸ் எட்டு. நான்கு மாதம், ஏறத்தாழ 420 கிலோமீட்டர்.

இடது ஷூவின் முனையில், பெருவிரலுக்கு நேர் மேலே, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புத் தழும்பு. வலை இழைகள் அங்கே மட்டும் உருகின மாதிரி பளபளத்தன. வலது ஷூவில் அப்படி எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் குழம்பினேன். பிறகு வாசலில் நின்ற அவன் வண்டியைப் பார்த்தேன். கியர் லீவர்! ஓடுகிற ஷூவோடேயே சேரன்மகாதேவியில் இருந்து பாளையங்கோட்டைக்கு வண்டியில் வருகிறான், போகிறான். அதே ஷூவோடு கடையில் எட்டு மணி நேரம் நிற்கவும் செய்கிறான். அந்த ஷூ ஓடியது 420 கிலோமீட்டர், உழைத்தது அதைவிடப் பல மடங்கு.

அந்தத் தழும்புக்குப் பக்கத்திலேயே, இரண்டு ஷூவிலும், உள்ளிருந்து வெளியே குத்தின ஓட்டை ஒன்று. பெருவிரல் நகம் துளைத்தது.

இன்சோலை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். பழைய இன்சோல் ஒரு கைரேகைப் புத்தகம். ஐந்து விரலின் குழியும் அதில் இருக்கும். பெருவிரல் குழிக்கும் இன்சோலின் முன்விளிம்புக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் அகலமாவது வெற்றிடம் இருக்க வேண்டும். இவனுடையதில் பெருவிரல் குழி பாதிதான் இருந்தது. மீதிப் பாதி விளிம்பைத் தாண்டி, ஷூவின் முன்சுவரில் ஏறியிருந்தது. சுண்டுவிரலுக்குக் குழியே இல்லை, அந்த இடத்தில் இன்சோலின் ஓரம் மடிந்து கசங்கியிருந்தது. நகம் ஏன் கறுத்தது, ஆணி ஏன் வந்தது என்ற இரண்டு கேள்விக்கும் அந்தத் துண்டு ரப்பரிலேயே பதில் இருந்தது.

அடிப்பக்கம் திருப்பினேன். குதிகாலிலும் முனையிலும் மட்டும் ரப்பர் பட்டைகள், மற்ற இடமெல்லாம் வெறும் நுரை. எடை குறைய வேண்டும் என்பதற்காக இப்படிச் செய்கிறார்கள்; வழுவழுப்பான ரோட்டுக்கு இது போதும். இவன் வாரத்தில் இரண்டு நாள் ஓடுவது கன்னடியன் கால்வாய்க் கரையில். சரளைக் கல்லும் உடைமுள்ளும் கிடக்கும் பாதை அது. நுரையில் கல் புதைந்து, பிய்ந்து, குழி குழியாக இருந்தது. பக்கவாட்டில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். நல்ல நுரை அமுங்கி உடனே எழும்பும். இது வயதானவர் தோல் மாதிரி மடிப்பு விழுந்து அப்படியே நின்றது. கிலோமீட்டருக்கு ஒரு கால் ஏறத்தாழ 450 தடவை தரையில் விழுகிறது, ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம். எந்த நுரையும் ஒருநாள் சோர்ந்துதான் போகும். பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பார்கள். கடையில் நின்ற நேரத்தை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

இனிதான் முக்கியமான விஷயம். இடது ஷூ வெளிப்பக்கமாகவும், வலது ஷூ உள்பக்கமாகவும் தேய்ந்திருந்தது. குதிகாலின் வெளியோரம் கொஞ்சம் தேய்வது பெரும்பாலானவர்களுக்கு இயல்பு. ஆனால் இரண்டு காலும் எதிரெதிராகத் தேய்ந்தால் விசாரிக்க வேண்டும்.

மூன்றாவதும், ஈரக்கால் சோதனையும்

இந்தத் தேய்மானத்தைத்தான் ஒரு கடைக்காரர் பார்த்திருக்கிறார். கடை எது என்பது வேண்டாம். வலது பாதத்தை நனைத்து டைல்ஸ் தரையில் வைக்கச் சொல்லி, ஈரத்தடம் நிறைந்து விழுந்ததைக் காட்டி, "தம்பிக்குத் தட்டைப் பாதம், கால் உள்ளே சாயுது, அதான் வலி" என்று தீர்ப்புச் சொல்லி, உள்பக்கம் கெட்டி நுரை வைத்த ஷூவை 6,800 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். அம்மாவின் சீட்டுப் பணம் அது. சைஸ் கேட்டபோது தம்பி எட்டு என்றான், எட்டே கொடுத்தார். 150 கிலோமீட்டர் ஓடுவதற்குள் வலி கூடி, இனி முடியாது என்று சாக்கில் கட்டிவிட்டான்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுப்பது ரொம்ப காலமாக உலகம் முழுக்க இருந்த நடைமுறை. நானே பத்து, பதினைந்து வருடம் அப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அமெரிக்க ராணுவம், விமானப்படை, மரைன் படை என்று மூன்று இடத்திலும் புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்து இதைச் சோதித்து, 2009, 2010 வாக்கில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்குப் பாத வளைவுக்கு ஏற்ற ஷூ, மறு பாதிக்கு வளைவைப் பார்க்காமல் ஒரே வகை ஷூ. காயம்படுவதில் இரண்டு பாதிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நம் பிள்ளைகளும் அதே மாதிரி சீருடைப் பயிற்சிக்குப் போகிறவர்கள்தானே என்பதால் அந்த முடிவு எனக்கு உறைத்தது. ஈரக்கால் வைத்தியத்தை அன்றோடு விட்டேன்.

தம்பியைச் சுவரைத் தொட்டுக்கொண்டு வலது காலின் முன்பாதத்தில் மட்டும் எழும்பச் சொன்னேன். எழும்பியதும் வளைவு அழகாக மேலே வந்தது. நிற்கும்போது தட்டையாகத் தெரிந்து, எழும்பினால் வளைகிற பாதம் எத்தனையோ பேருக்கு உண்டு. அதற்கு மருந்து வேண்டியதில்லை.

அப்படியானால் வலது ஷூ மட்டும் ஏன் உள்பக்கம் தேய்ந்தது?

வெள்ளைக் கோட்டில் ஒரு தண்ணீர்ப் பாட்டில்

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அவன் ஓடும் ரோட்டுக்கே போனேன். சேரன்மகாதேவியில் இருந்து வீரவநல்லூர் போகும் பாதை. அவன் முன்னால் ஓட, நான் பின்னால் ஸ்கூட்டரில். போகும்போது இடது ஓரம். திரும்பும்போதும் சாலையைக் கடந்து இடது ஓரம். பாபநாசம் பஸ்கள் பறக்கிற ரோடு என்பதால் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, தார் முடிகிற விளிம்பில் ஓடுகிறான்.

ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, கோட்டின் மேல் தண்ணீர்ப் பாட்டிலைப் படுக்க வைத்தேன். பாட்டில் ஒரு நொடி யோசித்தது. பிறகு உருள ஆரம்பித்து, வேகம் எடுத்து, ஓரத்து முள்செடியில் முட்டி நின்றது. மழைத் தண்ணீர் வடிய ரோட்டின் நடுவை உயர்த்தி, ஓரத்தைத் தாழ்த்திப் போடுவார்கள். இடது ஓரமாகவே ஓடுகிறவனுக்கு இடது கால் எப்போதும் பள்ளத்தில், வலது கால் எப்போதும் மேட்டில். மேட்டில் விழும் கால் உள்ளே சாய்ந்தாக வேண்டும், பள்ளத்துக் கால் வெளியே சாய்ந்தாக வேண்டும். ஒரு வருடமாக, வாரத்துக்கு மூன்று நாள். வலி எந்தக் காலில்? வலது கால், உள்பக்கம்.

"அப்ப என் கால்ல கோளாறு இல்லியா சார்?"

"ரோடு சரிஞ்சு கிடக்குலே. உன் கால் அதுக்கு வளைஞ்சு கொடுத்திருக்கு."

ரோட்டு ஓட்டத்தைக் குறைத்து, கால்வாய்க் கரையையும் மைதானத்தையும் கூட்டினோம். ரோட்டில்தான் ஓட வேண்டும் என்றால், வண்டி வராத அதிகாலையில் ஊருக்குள் ஒரே பக்க ஓரத்தில் போய் அதே ஓரத்தில் திரும்புவது. அப்படிச் செய்தால் போகும்போது தாழ்ந்த கால் திரும்பும்போது மேட்டுக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தேர்வில் தோற்ற ஆத்திரத்தில் வாரத்துக்கு 15 கிலோமீட்டராக இருந்த ஓட்டத்தை மூன்றே வாரத்தில் 45ஆக ஏற்றியிருக்கிறான். எலும்பு அந்த வேகத்துக்குப் பழகாது. இதை 25க்கு இறக்கி, இரண்டு வாரத்துக்குப் பிறகு மெல்ல ஏற்றினோம். ஷூ, ரோடு, தூரம் மூன்றையும் ஒரே மாதத்தில் மாற்றிவிட்டதால் வலி போனதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஷூவுக்கு மட்டும் மாலை போட்டால் அது பொய்யாகிவிடும்.

எட்டு என்கிற எண்

"உனக்கு எட்டுன்னு யார் சொன்னா?"

"பத்தாங்கிளாஸ்ல என்.சி.சி. பூட்ஸ் கொடுத்தாங்கள்லா சார், அது எட்டு."

எட்டு வருடத்துக்கு முந்தைய எண். அதற்குப் பிறகு ஆள் அரை அடி வளர்ந்திருக்கிறான். சாயங்காலம், அவன் கடைக்குப் போகாத நாளில், செய்தித்தாளைத் தரையில் விரித்து, ஓடும்போது போடும் சாக்ஸோடு நிற்கச் சொன்னேன். சாயங்காலம் என்பது முக்கியம். காலையில் இருக்கும் கால் வேறு, நாளெல்லாம் நின்ற பிறகு வீங்கிய கால் வேறு, ஓடும்போது கால் இன்னும் விரியும். உட்கார்ந்துகொண்டு அளந்தால் பாரம் இறங்காது. பென்சிலை நேராகப் பிடித்து, சாய்க்காமல், சுற்றி வரைந்தேன். இடது 273 மில்லிமீட்டர், வலது 268. முன்பாதத்தின் அகலம் 110.

அந்தக் கோட்டின் மேல் இரண்டாவது ஷூவின் இன்சோலை வைத்தேன். பெருவிரல் பக்கம் ஒரு துளி, சுண்டுவிரல் பக்கம் ஒரு விரல்கடைக்குக் கொஞ்சம் குறைவாக, காகிதத்தில் வரைந்த கால் இன்சோலுக்கு வெளியே வழிந்து கிடந்தது. தம்பி கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "ஆறாயிரத்து எண்ணூறும் இதே அளவுதான சார்?" என்றான்.

நம் ஊரில் புழங்கும் இங்கிலாந்து எண்ணில் ஒரு சைஸ் கூடினால் கூடுவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். பெட்டியில் 42, 43 என்று இருக்குமே, அந்த ஐரோப்பிய எண்ணில் ஒரு படி 6.7 மில்லிமீட்டர். இவை நீளத்துக்கான எண்கள். அகலத்துக்கு நம் கடைகளில் பெரும்பாலும் எண்ணே கிடையாது. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் தொடங்கி சில மாதங்கள் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட நம்மவர் பாதம் பொதுவாக அகலம் என்பது அதில் தெரியவந்தது. இந்தியாவுக்கென்று 'பா' என்ற பெயரில் தனி அளவுமுறையே முன்மொழிந்தார்கள். சின்ன வயதில் இருந்து செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நம் கால் விரிந்துதான் இருக்கும். அதை ஒல்லியான அச்சில் செய்த ஷூவுக்குள் திணித்துவிட்டு, நீளத்தில் ஒரு சைஸ் ஏற்றிச் சமாளிக்கிறோம். அப்படிச் சமாளித்தால் குதிகால் உள்ளே ஏறி இறங்கும், கொப்புளம் வரும்.

நாலாவது ஜோடி

கடைக்கு அந்தக் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனோம். சாயங்காலம் ஏழு மணி. கடைப் பையன் "என்ன பட்ஜெட் அண்ணாச்சி?" என்று ஆரம்பித்தான். "பட்ஜெட்டைக் கடைசியில சொல்லுதேன். அகலமா இருக்கிற ஒன்பதையெல்லாம் எடுங்க தம்பி" என்றேன்.

ஐந்து ஜோடி வந்தது. முதல் வேலையாக ஐந்தின் இன்சோலையும் உருவிக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். கடைப் பையனுக்கு என் மேல் சந்தேகம். இரண்டை அப்போதே ஒதுக்கிவிட்டேன். ஒரே எண், ஒன்பது. ஆனால் அகலம் ஆளுக்கொரு மாதிரி. மீதி மூன்றையும் கையில் எடுத்து முனையையும் குதிகாலையும் பிடித்து மடக்கினேன். விரல் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும், நடு முதுகில் மடங்கினால் அது ஓடுவதற்கு ஆகாது. குதிகால் பக்கத்துக் கிண்ணத்தை இரண்டு விரலால் அமுக்கினேன். உள்ளே கையை விட்டுத் துழாவி, தையல் முடிச்சு உறுத்துகிறதா என்று பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க ரப்பர் ஓடுகிறதா என்பதுதான் கால்வாய்க் கரைக்காரனுக்கு முதல் தகுதி. பெட்டியில் தயாரித்த மாதம், வருடம் அச்சாகியிருக்கும், அதையும் படித்தேன். ஆசையாய் வாங்கிப் பீரோவில் வைத்த ஷூ மூன்றாவது வருடம் எடுத்துப் போட்ட அன்றே அடி பொடிப்பொடியாக உதிர்ந்ததைப் பல வீட்டில் பார்த்திருப்பீர்கள். பாலியூரித்தேன் சோல் அது. காற்றின் ஈரமே அதைத் தின்றுவிடும். பழைய சரக்கு தள்ளுபடியில் வரும்போது தேதி பார்க்காமல் வாங்கக் கூடாது.

மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, கடைக்கு வெளியே நடைபாதையில் ஓடச் சொன்னேன். விலைச்சீட்டை நான் கையில் சுருட்டி வைத்துக்கொண்டேன். "எது கால்ல இருக்கதே தெரியலயோ அதைச் சொல்லு." இது என் சொந்த வித்தை இல்லை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக், 2015இல் எழுதிய கட்டுரையில், ஓடுகிறவர் தனக்குச் சுகமாக இருப்பதைத் தானே தேர்ந்தெடுப்பதே காயத்தைக் குறைக்கும் வடிகட்டி என்ற கருத்தை முன்வைத்தார். ஆராய்ச்சிக்காரர் சொன்னாலும் எங்கள் பாட்டி செருப்பு வாங்கிய முறையும் அதுதான்.

தம்பி எடுத்தது மூன்றில் நடு விலை. போன வருடத்து மாடல் என்பதால் 3,600 ரூபாய். எடை ஒன்று 290 கிராம். இரண்டாவது ஜோடி 210 கிராம்தான் இருந்தது, "கனமா இருக்கே சார், நேரம் போயிருமே?" என்று பயந்தான். பயம் நியாயமானதுதான். கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஓட்டக்காரர்களின் ஷூவில் அவர்களுக்குத் தெரியாமல் ஈயக்குண்டு சேர்த்து 3,000 மீட்டர் ஓடவிட்டு 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு ஷூவுக்கு 100 கிராம் கூடினால் நேரம் 0.78 சதவீதம் கூடியது. இவனுடைய 7 நிமிடத்துக்கு 80 கிராம் என்றால் மூன்று நொடிக்கும் குறைவு. வலியில்லாமல் ஆறு மாதம் தொடர்ந்து ஓடினால் கிடைப்பது அதைவிட எவ்வளவோ பெரியது. மைதானத்தில் சில பிள்ளைகள் கடன் வாங்கி கார்பன் தகடு வைத்த ஷூ போட்டு வருகிறார்கள். மாரத்தான்காரர்களுக்காக வந்த சாமான் அது; சரளைக்கல் பாதையில் அதைத் தேய்க்கிறதைப் பார்க்க வயிறு எரிகிறது.

லேஸ் கட்டும் விதத்தையும் மாற்றினோம். மேலே கடைசியாக ஒரு ஓட்டை சும்மா கிடக்குமே, அது அழகுக்கு இல்லை. அதே பக்கத்து ஓட்டைக்குள் லேஸை விட்டுச் சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் குதிகால் பிடித்து நிற்கும், முன்பக்கம் இறுக்க வேண்டியதில்லை. பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும், கொப்புளம் போடும். அதை மாற்றி மெல்லிய பாலியஸ்டர் சாக்ஸ் இரண்டு வாங்கினான்.

கண்டிஷன் ஒன்று போட்டேன். வண்டிக்கும் கடைக்கும் செருப்பு. ஓட்ட ஷூ பைக்குள் வரும், பைக்குள் போகும்.

ஏழு மாதக் கணக்கு

ஷூ நாக்கின் உள்பக்கத்தில் வாங்கிய தேதியை மார்க்கரால் எழுதினோம். ஓடிய தூரத்தைக் கடை பில் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்துக்கொண்டே வந்தான். முன்னெலும்பு வலி ஐந்தாவது வாரத்தில் அடங்கியது. இடையில் ஒரு முறை, ஆடிக் காற்றில் மூன்று நாள் தொடர்ந்து வேக ஓட்டம் போட்டு, திரும்ப எட்டிப் பார்த்தது. இரண்டு நாள் ஓய்வில் போய்விட்டது. நகம் புதிதாக முளைக்கப் பல மாதம் ஆனது. ஆணி தானாகவே உதிர்ந்தது. பயிற்சியில் 1,500 மீட்டர் 6 நிமிடம் 38 நொடிக்கு வந்தது. 400 மீட்டருக்கு ஒரு நிமிடம் 52 நொடி போதும் என்ற இடத்தில், கடைசிச் சுற்றிலும் ஒன்று நாற்பத்தைந்து ஓடினான்.

760 கிலோமீட்டரில் அந்த ஜோடியின் நுரை மடிப்பு விழ ஆரம்பித்தது. ரப்பர் அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. உட்கார்ந்து விலையைக் கிலோமீட்டரால் வகுத்தோம். இரண்டாவது ஜோடி கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய். மூன்றாவது நாற்பத்தைந்து ரூபாய், அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றான். நாலாவது நாலே முக்கால். முதல் ஜோடி, அந்த நடைபாதை ஷூ, தையல் கூலியும் சேர்த்து 190 கிலோமீட்டருக்கு 700 ரூபாய். கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் எழுபது பைசாதான்! கணக்கில் ஜெயித்தது அதுதான். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மொட்டை மாடியில் வேகவைக்காமல் இருந்திருந்தால் இன்னும் மலிவாக வந்திருக்கும். கால் பொருந்தியிருந்தால் நானே அதைத் தொடரச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

மூன்றாவது ஜோடி வீணாகவில்லை. அவன் மாமா மகனுக்குக் கால் சரியாக எட்டு, ஒல்லிப் பாதம். பத்தமடையில் தினமும் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறான், ஒரு குறையும் இல்லையாம்.

லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூவை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் 39 சதவீதம் குறைவாக இருந்தது. அதனால் அடுத்த ஜோடியைப் பழசு முழுசாகச் சாகும் முன்பே வாங்கிவிடு என்று சொல்லியிருந்தேன். அதே மாடல், அதே ஒன்பது, புது வருடப் பதிப்பு வந்திருக்கிறது என்று அவனே விசாரித்துக்கொண்டு கடைக்குப் போனான்.

ராத்திரி எட்டரைக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. கடைத் தரையில் விரித்த செய்தித்தாள், அதில் நான் அன்று வரைந்த பென்சில் கோடு, மடித்து மடித்து நடுவில் கிழியத் தொடங்கியிருந்தது. மேலே புது ஷூவின் இன்சோல். சுண்டுவிரலின் கோடு இன்சோலுக்கு வெளியே நின்றது. கீழே குரல்பதிவு:

"பேரு அதேதான் சார், நம்பரும் அதேதான். ஆனா முன்னால ஒடுக்கிட்டாங்க. வேண்டாம்னுட்டு வந்துட்டேன். நாளைக்கு வண்ணார்பேட்டையில ரெண்டு கடை பாக்கணும். பேப்பரு கிழியப் போகுது, ஞாயித்துக்கிழம சாயங்காலம் வாரேன், இன்னொரு தடவ வரஞ்சிருவமா?"